வெதுவெதுப்பான ஊர்

எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். திருநெல்வேலி டவுனில் நாங்கள் இருந்த வளவுக்குள் யாராவது பேக்கரிப் பொட்டலத்தோடு நுழைந்தால், "யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று நாலு வாசலில் இருந்தும் குரல் வரும். பாலில் தோய்த்த இரண்டு துண்டு, மேலே கொஞ்சம் சீனி, பக்கத்தில் தெர்மாமீட்டர். நாக்கு கசந்து கிடக்கிற நேரத்தில் மட்டுமே தின்றதாலோ என்னவோ, ரொட்டியை ருசிக்காகத் தின்னலாம் என்பது ஐம்பத்து மூன்று வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்படிப்பட்டவளை ஒரு மார்ச் மாதக் காலையில், குளிரில் பல் தந்தியடிக்க, ரொட்டி வாங்க வா என்று இழுத்துக்கொண்டு போனான் என் அக்கா மகன். ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் நாலாம் வருஷம் மருத்துவம் படிக்கிறான். அவனைப்போல நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். அக்காவுக்கு மூட்டுவலி. "நீ போய் அவன் என்ன சாப்பிடுறான்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பிவைத்தாள். அவன் என்ன சாப்பிடுகிறான் என்பதில் கொஞ்சத்தை அக்காவிடம் சொல்லியாயிற்று. மிச்சத்தை, எங்கள் சைவ வீட்டு மானத்தை உத்தேசித்து, இங்கேயும் எழுதப்போவதில்லை.

சியோனி தேவாலயத்தை ஒட்டிய சந்தில், தெருமட்டத்துக்குக் கீழே போகும் ஏழெட்டுப் படி. இறங்கும்போதே முகத்தில் சூடு அறைந்தது. உள்ளே ஒரு பல்பு, ஒரு மர மேஜை, ஒரு மாவு மூட்டை, நடுவில் அந்த அடுப்பு. பார்த்தவுடன் உறைகிணறு ஞாபகம்தான் வந்தது. இடுப்பளவு உயரத்தில் வட்டமான விளிம்பு, எட்டிப் பார்த்தால் உள்ளே அகலித்துப் போகும் மண்சுவர், அடியில் தண்ணீருக்குப் பதில் தீ. இதன் பெயர் தோனே.

ரொட்டி போடுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். கையில்லாத பனியன், புருவமெல்லாம் மாவு. மாவு உருண்டையை மேஜையில் போட்டுத் தட்டி, ஒரு பலகையின் மேல் கிடத்தி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். படகா வாளா என்று சொல்லமுடியாத ஒரு வடிவம் வந்தது. கையால் உப்புத் தண்ணீரை அள்ளி அடுப்புச் சுவரில் விசிறினார். 'சொர்' என்று ஆவி கிளம்பியது. அடுத்த கணம் அந்த மனிதர் மாவுப் பலகையோடு தலைகுப்புற அடுப்புக்குள் போய்விட்டார். நிஜமாகவே சொல்கிறேன், இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பிவிட்டன. விளிம்பில் வயிறு மட்டும் ஊன்றியிருக்கிறது, தலையும் தோளும் தீக்கு மேலே. உள்ளிருந்து 'தப்' என்று ஒரு சத்தம். ஊஞ்சல் திரும்பி வருவதுபோல ஆள் நிமிர்ந்து வந்து அடுத்த உருண்டையை எடுத்தார். நான் "ஐயோ" என்றது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஜார்ஜியனில் என்னவோ சொன்னார்.

"என்னடா சொல்றாரு?"

"முப்பது வருஷமா விழுந்து எந்திரிக்கேன், இன்னும் உள்ள போய்ச் சேரலைங்காரு, சித்தி."

ஒரு வரிசை ஒட்டி முடிக்கும்போது முதல் ரொட்டி பொன்னிறமாக உப்பியிருந்தது. நீளமான இரும்புக் கம்பியின் கொக்கியால் ஒன்றைக் குத்தி, சுரண்டியால் சுவரை விட்டுப் பெயர்த்து வெளியே எடுத்தார். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். எண்ணெய் கிடையாது, பால் கிடையாது, சீனி கிடையாது. விலை அந்த ஊர்ப் பணத்தில் ஒரு லாரிச் சொச்சம், நம் கணக்கில் நாற்பது ரூபாய் போல. வயிற்றுப் பகுதியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இரண்டு மூக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"மூக்க ஒடிச்சுத் தின்னுங்க சித்தி. இங்க வீடு போய்ச் சேரும்போது எந்த ரொட்டிக்கும் மூக்கு இருக்காது."

ஒடித்தேன். முறுகின ஓரம், நம் தோசையின் விளிம்பைப்போல நொறுங்கியது. உள்ளே வெள்ளையாக, ஈரமாக, லேசாக உப்புக் கரித்து, ஆவி பறந்தது. புகை வாசம் தொண்டை வரைக்கும் போனது. ஐம்பது வருஷமாக நான் தின்றது ரொட்டி இல்லை, மருந்து என்று அந்தச் சந்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

இதன் பெயர் ஷோத்திஸ் பூரி. சுருக்கமாக ஷோத்தி. 'பூரி' என்றால் ஜார்ஜிய மொழியில் ரொட்டி. ஊரெங்கும் பூரி, பூரி என்று காதில் விழும்போது வயிறு வேறெதையோ எதிர்பார்த்து ஏமாறும். ஜார்ஜியம் நம் மொழிகளோடும் வடமொழியோடும் உறவில்லாத தனிக் குடும்பம், அதனால் இந்தப் பூரிக்கும் நம் பூரிக்கும் முடிச்சுப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த மொழியில் அப்பாவுக்கு 'மாமா' என்று பெயர். இதை வைத்தே ஒலியை நம்பி உறவு கொண்டாடக் கூடாது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அடுப்பின் பெயர் வேறு சங்கதி. பழைய அக்காதிய மொழியில் தினூரு, அரபியிலும் பாரசீகத்திலும் தன்னூர், ஆர்மேனியரிடம் தொனிர், அஜர்பைஜானியரிடம் தந்தீர், பஞ்சாபில் தந்தூர், இங்கே தோனே. ஒரே சொல் வழியில் கண்ட ஊரிலெல்லாம் இரவு தங்கி, அந்தந்த ஊர் உச்சரிப்பை உடுத்திக்கொண்டு நடந்திருக்கிறது. ஆர்மேனியர் அதைத் தரைக்குள் புதைத்துக் குந்தியிருந்து ரொட்டி சுடுவார்கள். ஜார்ஜியர் தரைக்கு மேலே எழுப்பி அதற்குள் விழுந்து எழுகிறார்கள்.

ரொட்டியைத் தின்றுகொண்டே வெந்நீர்க் குளியல் பேட்டைக்கு நடந்தோம். ஊருக்குப் பெயர் வந்ததே இந்த வெந்நீரால்தான். 'த்பிலி' என்றால் வெதுவெதுப்பு. 5ஆம் நூற்றாண்டில் வக்தாங் கோர்கசாலி என்ற அரசன் வேட்டைக்கு வந்தான், அடிபட்ட பறவை கொதிக்கும் ஊற்றில் விழுந்து வெந்துபோனது, இங்கே ஒரு நகரம் கட்டு என்றான் என்பது ஊர்க்கதை. தரையோடு தரையாகச் செங்கல் கும்மட்டங்கள், அவற்றின் உச்சியிலிருந்து கந்தக ஆவி. முட்டை அழுகிய வாசம். குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவளுக்கு இதில் பெரிதாக மயக்கம் ஏற்படவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பேட்டையில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் கண்ணில் படுவதை விட முடியாது. செங்கல் மினாருடன் ஒரு பள்ளிவாசல். சுன்னிகளும் ஷியாக்களும் ஒரே கூரையின் கீழ் தொழுகிறார்கள். இந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு இடிப்பும் இருக்கிறது. ஷியாக்களின் நீலப் பள்ளிவாசலை, பாலம் கட்டுவதற்காக 1951-ல் சோவியத் அரசு தரைமட்டமாக்கியது. போக்கிடம் இல்லாமல் வந்தவர்களுக்கு இவர்கள் இடம் விட்டார்கள். கொஞ்சம் தள்ளி ஆர்மேனியரின் புனித கெவோர்க் தேவாலயம். அதன் வாசலில் சயாத் நோவாவின் கல்லறை. 18ஆம் நூற்றாண்டுப் பாட்டுக்காரர், ஆர்மேனியம், ஜார்ஜியம், அஜர்பைஜானி என மூன்று மொழியிலும் பாட்டுக் கட்டியவர். மேலே ஏறினால், அகால்ட்சிகேயிலிருந்து வந்த யூதர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ஜெப ஆலயம். வீடுகளுக்கு நடுவே ஒளிந்தாற்போல ஒரு பழைய ஜரதுஷ்டிர நெருப்புக் கோயிலின் கட்டடம். எல்லாம் காலாற நடக்கிற தூரம்தான்.

சயாத் நோவா செத்தது 1795-ல், பாரசீகத்தின் ஆகா முகம்மது கான் இந்த ஊரைக் கொளுத்தியபோது. அதே வருஷம், அப்போதைய அரசர் இரண்டாம் எரெக்லே, ராஃபியேல் தனிபேகாஷ்விலி என்பவரை எங்கே அனுப்பினார் தெரியுமா? மெட்ராஸுக்கு. அங்கே ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற ஆர்மேனியப் பெருவணிகர் இருந்தார். சுதந்திர ஆர்மேனியாவைக் கனவு கண்டு மெட்ராஸில் அச்சகம் வைத்தவர். எரெக்லே அவருக்கு லோரி என்ற ஊரையே எழுதிக் கொடுத்திருந்தார். தனிபேகாஷ்விலியின் பயணநூல் 1815-ல் மாஸ்கோவில் அச்சானது. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' வெளிவந்ததும் மெட்ராஸில்தான், 1794-ல். அந்த ஆர்மேனியர்கள் இருந்த தெருவை, ஆர்மேனியன் என்ற சொல் வாயில் நுழையாமல் நம் ஆட்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டார்கள். பாரிமுனையில் எத்தனை தடவை அந்தத் தெருவில் நடந்து, எந்த ராஜாவின் அரண்மனையோ என்று நினைத்திருக்கிறேன்! விடை இத்தனை மலை தாண்டி, கையில் பாதி ரொட்டியோடு கிடைத்தது.

ஆர்மேனியர் என்றால் லவாஷைச் சொல்லாமல் போகக்கூடாது. மேல்துண்டு மாதிரி மெல்லிய ரொட்டி, மாவை ஒரு தலையணையில் விரித்து அடுப்புச் சுவரில் அறைவார்கள். 2014-ல் யுனெஸ்கோ அதை ஆர்மேனியாவின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் அஜர்பைஜான், ஈரான், துருக்கி, கஜகஸ்தான், கிர்கிஸ்தான் ஐந்தும் சேர்ந்து, மெல்லிய ரொட்டி எங்கள் மரபும்தான் என்று தனியாகப் பதிந்துகொண்டன. தோசை யாருடையது என்று இரண்டு மாநிலத்துக்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கும் எனக்கு இது புதிதாகப் படவில்லை. தோனே பேக்கரிகளில் ஷோத்தியும் லவாஷும் ஒரே ஆள் கையால், ஒரே சுவரில் வெந்து வருகின்றன. சான்றிதழைப் பற்றி அடுப்பு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சந்தைக்குப் போனோம். 'ஓடிவந்தவர்கள் சந்தை' என்று பெயர். 1920களின் தொடக்கத்தில் பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவர்கள் துப்பாக்கியையும் உடுப்பையும் இங்கே விற்றார்களாம். இப்போது பாலாடைக்கட்டி, ஊறுகாய், அக்ரூட் மலை, திராட்சைச் சாற்றில் முக்கிக் காயவைத்த அக்ரூட் சரங்கள். கொத்தமல்லிக் கட்டுகளைப் பார்த்ததும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நிற்பதுபோல ஒரு தெம்பு வந்தது. ஐரோப்பா என்று பயந்துகொண்டே வந்தேன். ஐரோப்பாவில் இத்தனை கொத்தமல்லி தின்பார்களா?

மசாலாக் கடைக்காரப் பெண்மணி என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியை வைத்தார். மஞ்சளும் இல்லை, குங்குமப்பூவும் இல்லை. பக்கத்துச் சாக்கில் முழு இதழ்களாகக் காய்ந்து கிடந்ததைக் காட்டினார். கேந்திப்பூ! நாம் சாமிக்கும் சாவுக்கும் மாலை கட்டுகிற அதே கேந்தி. இங்கே குங்குமப்பூ என்று சொல்லி அக்ரூட் குழம்பில் போடுகிறார்கள். முகர்ந்தால் பூக்கடை. நாக்கில் வைத்தால் லேசான துவர்ப்பு, மண்வாசம். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் தினம் வாடி உதிர்வதையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு பச்சைக் கலந்த பழுப்புப் பொடி. இதை முகர்ந்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. "வெந்தயம்!" என்றேன் சத்தமாக. கிட்டத்தட்ட சரிதான். நீலப்பூ பூக்கும் வெந்தயத்தின் இனம், நம்முடையதைவிடக் கசப்பு குறைவு, வாசம் மென்மை. இது இல்லாமல் ஜார்ஜியச் சமையல் இல்லை. அவரை வேகும் பானையிலும், அக்ரூட் அரைக்கிற அம்மியிலும், கறியிலும் இதுதான். இதன் பெயர் 'உத்ஸ்கோ சுநெலி'. சுநெலி என்றால் வாசனைப் பொருள்.

"உத்ஸ்கோன்னா என்னடா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அன்னியன், சித்தி. வெளியூர்க்காரன், அசலான். அந்த மாதிரி."

வெளியூரான் மசாலா. எந்த வெளியூர் என்று கடைக்காரரைக் கேட்கச் சொன்னேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில்தான் விளைகிறது என்றார் அவர்! எனக்கு அங்கேயே நின்று சிரிக்கத் தோன்றியது. நாமும் இதைத்தானே செய்கிறோம். பறங்கியன் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, பறங்கிக்காய் திருவாதிரைக் கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. சீனத்தின் பெயரைத் தாங்கின சீனியைத்தான் எங்கள் வீட்டில் காய்ச்சல் ரொட்டிக்குத் தூவினார்கள். வந்தவன் என்பது பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், பெயரைச் சொல்கிறவளுக்கு அது காதில் விழாது. நூறு கிராம் வாங்கிக்கொண்டேன்.

இப்படி எழுதும்போது ஊரே ஒரு கதம்பம் என்று தோன்றிவிடும். எங்கள் வீட்டுக்காரம்மா அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தட்டிவைத்தார். நாங்கள் தங்கியிருந்தது சொலொலாகி பேட்டையில். ஒரு காலத்தில் ஆர்மேனிய வணிகர்கள் கட்டின வீடுகள், செதுக்கு வேலை செய்த மர முகப்புகள், நடுவில் பொது முற்றம், சுற்றிலும் பத்துக் குடித்தனம். இதற்கு 'இத்தாலிய முற்றம்' என்று பெயர். எனக்கு வளவு. அந்த முற்றத்தில் அவருடைய சின்ன வயதில் ஆர்மேனியர், ஜார்ஜியர், ஒரு யூதக் குடும்பம், ஒரு குர்து குடும்பம், ஒரு ரஷ்ய விதவை இருந்தார்களாம். பண்டிகை யார் வீட்டில் வந்தாலும் தட்டு எல்லா வாசலுக்கும் போகும். இப்போது? விரலை மடக்கிக்கொண்டே வந்தார்: இஸ்ரேல், மாஸ்கோ, யெரவான், ஜெர்மனி. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் மிகப் பெரிய சமூகம் ஆர்மேனியர்தான். இன்று பத்தில் ஒன்பது பேர் ஜார்ஜியர். ஆட்கள் போய்விட்டார்கள், தட்டில் இருந்தது மட்டும் தங்கிவிட்டது.

நான் அவரைப் பெபியா என்றுதான் கூப்பிட்டேன், பாட்டி என்று அர்த்தம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். தவக்காலம் என்பதால் பால், தயிர், முட்டை எதையும் தொடவில்லை. நான் கறி தின்னமாட்டேன் என்று அக்கா மகன் சொன்னதும், "எத்தனை நாள் விரதம்?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்று மொழிபெயர்த்தான். அதன்பின் என்னை ஒரு சந்நியாசினியைப்போலத்தான் நடத்தினார். மண் சட்டியில் சிவப்பு அவரையைக் குழைய வேகவைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் வெளியூரான் மசாலாவும் சேர்த்து மசித்துக் கொடுத்தார். அது லோபியோ. தொட்டுக்கொள்ள மக்காச்சோள மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்துத் தட்டிய ம்சாதி. அவர் நாலு விரலின் தடமும் அடையின் முதுகில் அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் புளிப்புப் பிளம் சட்டினி. புளி இல்லாத ஊரில் புளிப்புக்கு என்ன செய்வார்கள் என்ற என் நெடுநாள் சந்தேகத்துக்கு அதுதான் பதில். கத்தரிக்காயை வதக்கி உள்ளே அக்ரூட் விழுதைச் சுருட்டியும் வைத்தார். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குத் தூரத்துச் சொந்தம் என்பேன்.

எங்களுக்காகக் கச்சாபூரியும் சுட்டார், தான் தொடாமல். பாலாடைக்கட்டி வைத்து மூடின ரொட்டி. அதைப்பற்றி ஊரெல்லாம் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். திபிலீசி அரசுப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளியில், ஒரு கச்சாபூரிக்கு ஆகும் மாவு, வெண்ணெய், பாலாடைக்கட்டி விலையைக் கூட்டி விலைவாசியை அளக்கிறார்கள். 'கச்சாபூரிக் குறியீடு' என்றே பெயர். நம் ஊரில் யாராவது சாம்பாரை வைத்து அளந்தால் பட்ஜெட் எனக்கும் புரியும்.

நான் ஷோத்தியின் ஒரு மூக்கைத் தட்டில் மிச்சம் வைத்ததைப் பெபியா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, 1990களின் தொடக்கத்தைப் பற்றி அவராகவே பேச ஆரம்பித்தார். சோவியத் உடைந்து, நகரத்தின் நடுத்தெருவிலேயே உள்நாட்டுச் சண்டை நடந்து, கரண்டும் கேஸும் நின்றுபோன குளிர்காலங்கள். நடுராத்திரியில் ரொட்டிக்கு வரிசை. வரிசை எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிடுவார்களாம். விடியும் வரை கையுறை போடமாட்டேன், எண் அழிந்துவிடும் என்று, என்றார். சொல்லும்போது வலது உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் கோதுமையின் தாய்வீடுகளில் ஒன்று இந்த மண். அறியப்பட்ட கோதுமை இனங்களில் 14 இங்கே உண்டு, அதில் 5 இந்த மண்ணுக்கே உரியவை. மாகா, ஸந்தூரி, தீகா என்று பெயர்கள். சோவியத் காலத்தில் அதிக விளைச்சல் ரகங்கள் வந்ததும் இவை வயலை விட்டுப் போயின. இப்போது சில விவசாயிகள் தேடிப்பிடித்து மறுபடி விதைக்கிறார்கள், நம் ஊரில் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நடப்பதைப்போல. கடையில் விற்கிற மாவில் பெரும்பகுதி ரஷ்யக் கோதுமை. 2008-ல் எந்த நாட்டோடு போர் நடந்ததோ அதே நாட்டின் கோதுமை. "மாவு அவனுது, அடுப்பு எங்களுது" என்றார் பெபியா. பெருமையாகச் சொன்னாரா கசப்பாகவா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

கடைசி நாள் காலையில் நிலவறைக்குப் போய் நாலு ஷோத்தி வாங்கி, பழைய வாயில் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். வளைகுடாவில் விமானம் மாறி, சென்னையில் ஒருநாள் தங்கி, நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, வீடு வந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. ரொட்டி விறகாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி மிதக்க, அம்மா இஞ்சிப் பச்சடி அரைத்துக்கொண்டிருந்தாள். நான் ஷோத்தியை மேஜையில் வைத்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். எண்பத்தொரு வயதிலும் முதல் கேள்வி மாறவில்லை.

"ஏட்டி, யாருக்கு மேலுக்குச் சரியில்ல?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒன்றை முழங்காலில் வைத்து ஒடித்து, கிண்ணத்துச் சொதியில் முக்கி நீட்டினேன். ஊறுகிற வரைக்கும் காத்திருந்து வாயில் போட்டாள். மென்றாள். புகை வாசம் மூன்று நாளாகியும் போயிருக்கவில்லை. இன்னொரு துண்டை அவளாகவே எடுத்து முக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு என்ன பேரு?"

"ஷோத்தி."

"சொதிதான் தெரியுதே. ரொட்டிக்குப் பேரென்னன்னு கேட்டேன்."